கருப்பா என்று கூப்பிட்டது யாரை?

புதிதாகக் கால்பந்து ரெஃப்ரி தேர்வு எழுதிப் பாஸாகி வந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஆஃப்சைடை எப்படிப் பார்ப்பது, கொடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் விசில் ஊதியவன் நான். அத்தனை வருஷத்தில் என் மூக்கு ஒரே ஒரு தடவை நன்றாக உடைந்தது. அடி விழுந்து அல்ல, என் சொந்தக் கர்வத்தால். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

பகலில் எனக்குச் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மைதானம். ஆபீஸில் என்னை ‘விசில்’ என்பார்கள், மைதானத்தில் ‘தாசில்தார்’ என்பார்கள். கடைசிவரை நான் தாசில்தார் ஆகவில்லை என்பது வேறு விஷயம். தாலுகா ஆபீஸ் எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தது. எப்பேர்ப்பட்ட தகராறாக இருந்தாலும் சரி, யாருக்கும் நோகாமல் ஒரே வாக்கியத்தில் எழுதிக் கோப்பை மூடிவிடுவேன். ‘விசாரணையில் தெரியவருவது யாதெனில்’ என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். இந்த வித்தையை மைதானத்துக்கும் கொண்டுபோனேன் என்பதுதான் என் தப்பு.

இன்னொரு கர்வமும் எனக்கு இருந்தது. வார்த்தை வழக்கு வந்தால் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் ஒரு பழைய சம்பவம். கோயம்புத்தூர்ப் பக்கத்து அணி ஒன்று இங்கே ஆட வந்திருந்தது. ஆட்டத்தின் நடுவில் அவர்களுடைய கேப்டன் முகம் சிவந்து என்னிடம் ஓடிவந்தான்.

“சார், அந்த ஆளு என்னை ஏலே, ஏலேங்கறானுங்க. மரியாதைன்னா என்னன்னே தெரியாதுங்களா?”

நான் அவன் தோளில் கையைப் போட்டேன். “தம்பி, இங்கன அப்பன் மகன ஏலேம்பான். கூட்டாளி கூட்டாளிய ஏலேம்பான். ஏலேன்னு கூப்பிடலைன்னாத்தான் பயப்படணும், பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சுன்னு அர்த்தம்” என்றேன். அவன் சிரித்துவிட்டான். ஆட்டம் முடிவதற்குள் அவனே தன் ஆட்களை ஏலே போட ஆரம்பித்துவிட்டான். அந்தக் கதை மாவட்டம் பூராவும் பரவி, ஏச்சுப்பேச்சு சம்பந்தமாக எங்கே புகார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. எல்லாப் புகாரும் இப்படித்தான், ஊர்ப்பேச்சு தெரியாமல் வருவதுதான் என்று எனக்குள் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கம், ஆடி மாசம். எங்கள் ஊர் டோர்னமெண்டில் அரையிறுதி. ஒரு பக்கம் நூற்பாலை அணி. அந்தக் காலத்தில் மில்களும் கம்பெனிகளும் பந்து ஆடுவதற்காகவே ஆட்களுக்கு வேலை கொடுத்து வைத்திருப்பார்கள். நன்றாக ஆடுகிறவரைக்கும் வேலை, காலில் அடிபட்டால் அதுவும் போச்சு. இன்னொரு பக்கம் மதுரையிலிருந்து வந்த கம்பெனி அணி. அவர்கள் கெஸ்ட் பிளேயராக ஒரு நைஜீரியாக்காரனைக் கூட்டிவந்திருந்தார்கள். பெயர் டேனியல். மதுரையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். (இப்போது நேரில் பார்த்தால் அவர் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு எல்லாரும் எனக்கு இளையவர்கள், அவன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.)

டேனியலை எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு முதல் ஆட்டத்திலேயே பிடித்துப்போய்விட்டது. பந்து அவன் காலுக்கு வந்தால் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள். “எங்க ஊர் வேதக்கோயில்ல பாதிப் பேரு தானியேலுதாம்வே” என்று ஒருவர் சத்தமாக உரிமை கொண்டாடினார். அதிலிருந்து அவன் தானியேல் ஆகிவிட்டான்.

மில் அணியின் கேப்டன் செல்வராஜ். பேக் ஆடுவான். அவனைப் பற்றிக் குறைத்துச் சொல்லமாட்டேன். அவன் நிற்கிற இடத்தில் பந்து தாண்டுவது லேசில்லை. ஆட்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்வான். குருவிகுளம் பக்கத்து மானாவாரி ஊரிலிருந்து ஒரு பையன் பந்து பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, மில்லுக்குக் கூட்டிவந்து கோல் காக்கிற கோலியாக்கியவன் செல்வராஜ்தான். அந்தக் கோலியின் பெயர் கருப்பசாமி. நீளக் கை, வாய் திறந்து பேசமாட்டான். கேலரிக்காகப் பாய்ந்து காட்டுகிற வேலையெல்லாம் அவனிடம் கிடையாது. பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே நின்றிருப்பான்.

மில்லில் அவன் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது லீவு போட்டால்தான் அவனுக்கு அன்றைக்கு வேலை. ஆட்டத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செல்வராஜ் என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

“சார், இந்தக் கப்பு முடிஞ்சதும் நம்ம சாமி நிரந்தரம் ஆயிருவான். லேபர் ஆபீசர்ட்ட சொல்லியாச்சு. எம் பேச்சத் தட்ட மாட்டாவ.”

கருப்பசாமி பக்கத்தில்தான் நின்றான். தரையைப் பார்த்துச் சிரித்தான். வீட்டில் மூன்று தங்கைகள், மழையை நம்பி இருக்கிற நிலம் என்று வேறொருவர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்த வேலை அவனுக்கு எவ்வளவு பெரிது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு மேற்கே இருந்து அடித்த அடியில் கோல் வலை பிய்த்துக்கொண்டு பறந்தது. முதல் பாதியில் காற்று மில் அணிக்குச் சாதகம், ஒரு கோல் போட்டார்கள். இரண்டாவது பாதியில் காற்று டேனியல் பக்கம் வந்தது. அவன் செல்வராஜை ஒருதடவை தாண்டினான். மறுபடியும் தாண்டினான். கூட்டம் சிரித்தது. நல்ல ஆட்டக்காரனைப் பார்த்து அவனுடைய சொந்த ஊர்க் கூட்டமே சிரித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை செல்வராஜ் காலைக் கொடுத்து அவனைக் கீழே தள்ளினான்.

நான் விசில் ஊதினேன். ஊதிவிட்டு, பந்து வைக்கவேண்டிய இடத்தைக் காட்டுவதற்காகத் திரும்பினேன். இதைக் கவனமாகப் படியுங்கள். ஒருவன் கீழே கிடக்கிறான், தள்ளியவன் பக்கத்தில் நிற்கிறான், அந்த நேரத்தில் ரெஃப்ரி முதுகைக் காட்டக்கூடாது. நான் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் ‘ஏலே கருப்பா’ என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு வந்த வார்த்தையைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது டேனியல் எழுந்து என் முன்னால் நின்றான்.

“அவன் என்னைக் கருப்பா என்று சொன்னான்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுத்தமான தமிழில் சொன்னான்.

நான் செல்வராஜைப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் விரித்துவிட்டான்.

“ஐயோ சார்! நான் எங்க கோலியக் கூப்பிட்டேன். ஏலே கருப்பா, முன்னுக்கு வாலேன்னேன். அவம் பேரு கருப்பசாமிலா! நம்ம பக்கத்துல தெருவுக்கு நாலு கருப்பசாமி உண்டே, ஒங்களுக்குத் தெரியாதா?”

மில் ஆட்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல! பழைய ஏலே கதை அப்படியே திரும்ப வந்து நின்றது. நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். “அது கோலியின் பெயர், எங்கள் ஊரில் அது சாமி பெயர்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டேனியலுக்கு விளக்கினேன். நான் சிரித்ததைப் பார்த்து மில் ஆட்கள் சிரித்தார்கள். கோட்டோரம் நின்றிருந்த கூட்டமும் சிரித்தது. அத்தனை பேருக்கும் நடுவில் சிரிக்காமல் நின்றவன் டேனியல் ஒருவன்தான்.

புகார் சொல்லி வந்தவன் முன்னால் ரெஃப்ரி சிரித்தால் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். இதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டேனியலின் முகம்தான் சொல்லித்தந்தது.

அவன் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினான். மதுரைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, தண்ணீர் என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே இந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றான். “பஸ்ஸில் ஏறும்போது சொல்வார்கள். கடையில் நிற்கும்போது சொல்வார்கள். அங்கேயெல்லாம் கோலி யாரும் நிற்கவில்லை. ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் எது, இந்தக் குரல் எது என்று எனக்குத் தெரியும், சார்.”

இதற்குள் டோர்னமெண்ட் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

“தாசில்தார் அண்ணாச்சி, பேர்க் குழப்பம்னு எழுதி முடிச்சிருங்க. ஆட்டத்த நடத்துவோம்.”

உண்மையைச் சொல்கிறேன், அவர் வருவதற்கு முன்பே அந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். ‘பெயர் ஒற்றுமையால் ஏற்பட்ட தவறான புரிதல்’. எவ்வளவு அழகான வாக்கியம்! யாருக்கும் நோகாது, டேனியலைத் தவிர.

டேனியல் பந்தின் மேல் காலை வைத்தான். “சரி, கோலியின் பெயர்தானே? அதே இடத்தில் நின்று, அதே மாதிரி அவரை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். நான் கேட்கிறேன். அதற்குப் பிறகு ஆடுகிறேன்” என்றான்.

இது நியாயமாகத்தான் பட்டது. அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிடும் என்றும் பட்டது. செல்வராஜைக் கூப்பிடச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

கருப்பசாமி அப்போது எங்களிடமிருந்து இருபது தப்படி தள்ளி, கோல் கம்பத்தோரம் முதுகைக் காட்டிக் குனிந்து, பிய்ந்த வலையைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான். தகராறு ஆரம்பித்ததிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தான். காற்று எங்களிடமிருந்து அவன் பக்கமாக அடித்தது. நாங்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவன் காதுக்குத் தப்பியிருக்காது.

“கருப்பா!” என்று செல்வராஜ் கூப்பிட்டான்.

கருப்பசாமி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

“ஏலே கருப்பா!” இந்தத் தடவை கேலரிக்கே கேட்டது. கோலி கயிற்றை இழுத்து இறுக்கினான், அவ்வளவுதான்.

மில் அணியில் இன்னொரு பேக் இருந்தான், கொஞ்சம் அவசரக்காரன். கேப்டன் கூப்பிட்டும் இவன் திரும்பாமல் நிற்கிறானே என்ற எரிச்சலில், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே கத்திவிட்டான். “ஏ சாமி! ஒன்னத்தாம்லே!”

கருப்பசாமி உடனே திரும்பினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த அணியில் ஒருவர்கூட அவனைக் கருப்பா என்று கூப்பிடவில்லை. ‘சாமி எடு’, ‘சாமி விடு’ என்றுதான் ஆட்டம் முழுக்க என் காதில் விழுந்துகொண்டிருந்தது. டீக்கடையில் செல்வராஜ் வாயிலிருந்தே நம்ம சாமி என்று கேட்டவன் நான். எல்லாம் தெரிந்தும், கைக்கு வசதியாக ஒரு விளக்கம் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவனிடம் நடந்து போனேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள், அவனுக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினேன். அவன் வேலை என் கண் முன்னால் நின்றது.

“என்ன தம்பி, காத்துல கேக்கலையோ?”

“கேட்டிச்சு சார். நல்லாக் கேட்டிச்சு.”

“பெறவு ஏன் திரும்பல?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, செல்வராஜைப் பார்த்தான். கோபம் இல்லாத பார்வை. வருத்தப்படுகிற பார்வை.

“அண்ணாச்சி என்னக் கூப்பிடல சார்” என்றான்.

எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கலெக்டர் முன்னால் உண்மை பேசியவர்கள் உண்டு, ஜாமீன் கிடைக்காது என்று தெரிந்து பேசியவர்கள் உண்டு. அந்தப் பையன் சொன்ன அந்தச் சின்ன வாக்கியத்துக்கு முன்னால் எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவன் சும்மா திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. கழுத்தை மட்டும் திருப்பியிருந்தால் வேலை நிரந்தரம். அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்தவன் நிம்மதியாகியிருப்பான், நானும் நிம்மதியாகியிருப்பேன்.

செல்வராஜுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். அவன் மைதானத்தை விட்டுப் போகிறபோது கோலிக்கு முன்னால் நின்றான்.

“ஒன்ன யாருலே மில்லுக்குக் கூட்டியாந்தது?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

செல்வராஜ் கோட்டைத் தாண்டி வெளியே போனான்.

நான் டேனியலிடம் போய், “நான் சிரித்திருக்கக்கூடாது. மன்னித்துக்கொள்” என்றேன். இருபது வருஷத்தில் மைதானத்தில் வைத்து ஒரு ஆட்டக்காரனிடம் நான் மன்னிப்புக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அவன் பந்தை எடுத்து இடத்தில் வைத்துவிட்டு, “விசில் ஊதுங்கள் சார்” என்றான்.

இனிமேல் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. மில் அணியில் பத்துப் பேர், காற்று எதிரே, இன்னும் இருபது நிமிஷம் பாக்கி. கோலிக்கு மனசு உடைந்திருக்கும், அல்லது டேனியல் மேல் இரக்கம் வந்திருக்கும், இனி கோல் மழைதான் என்று கேலரியில் பேசிக்கொண்டார்கள். கருப்பசாமியை அவர்களுக்குத் தெரியவில்லை. டேனியல் காற்றோடு சேர்த்து அடித்த முதல் பந்தை நெஞ்சோடு பிடித்தான். அடுத்ததைக் கம்பத்தோரம் விரல் நுனியால் தட்டிவிட்டான். ஒரு தடவை டேனியல் தனியாக உள்ளே வந்துவிட்டான், இவன் காலடியில் போய் விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான். நெற்றியில் பூட்ஸ் பட்டு ரத்தம் வந்தது. டேனியல் கைநீட்டித் தூக்கிவிட்டு ஏதோ சொன்னான், இவனும் ஏதோ சொன்னான். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த நிமிஷமே டேனியல் இன்னும் பலமாக அடித்தான், அதையும் இவன் விடவில்லை.

கடைசிவரை டேனியலால் ஒரு கோல் போட முடியவில்லை. மில் அணி ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தது. ஜெயித்த அணிக்காரர்கள் ஒருவரும் கோலியைத் தோளில் தூக்கவில்லை. எதிரணிக்காரனான டேனியல் மட்டும் மைதானத்தின் நடுவிலிருந்து கோல் வரைக்கும் நடந்துபோய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

ஆட்டம் முடிந்ததும் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். கருப்பசாமியை வரச் சொன்னேன். நெற்றியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“தம்பி, ஒம் பேரு இதுல வேண்டாம். செல்வராஜ் யாரப் பாத்துச் சொன்னாம்னு நானே பாத்தேன்னு எழுதிருதேன். மில்லுல ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

“நீங்க பாக்கலல்லா சார்?”

எனக்குச் சுருக்கென்றது. “காதுல விழுந்துச்சு. பாக்கல.”

“பெறவு எப்பிடி எழுதுவீய? நாளைக்கு அண்ணாச்சி, ரெஃப்ரி முதுகக் காட்டிட்டு நின்னாருன்னு சொல்லுவாவ. அது நெசந்தான?” நெற்றிப் பஞ்சை அழுத்திக்கொண்டான். “எம் பேர எழுதுங்க சார். அண்ணாச்சி எம் பேரத்தான சாக்கா வச்சாவ. எங்கய்யா கொலசாமிக்கு நேந்து வச்ச பேரு அது. அவரு கூப்பிட்டா தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்னாலும் ஓடி வருவேன். அந்தப் பேர, ஒருத்தன ஏசிட்டு ஒளிஞ்சுக்கிடுததுக்குக் குடுக்க மாட்டேன்.”

தாலுகா ஆபீஸிலும் மைதானத்திலும் நான் எழுதிய ஆயிரம் அறிக்கைகளில் ‘தெரியவருகிறது’, ‘கூறப்படுகிறது’ என்பவை இல்லாத அறிக்கை அது ஒன்றுதான். நான் முதுகைக் காட்டி நின்றதையும் எழுதினேன், சிரித்ததையும் எழுதினேன். கோலி கருப்பசாமி இன்னது சொன்னான் என்று அவன் வார்த்தையிலேயே எழுதினேன்.

விசாரணைக் கமிட்டியில் அவனைச் சும்மா விடவில்லை. கேப்டன் மேல் உனக்கு என்ன கோபம், மதுரை அணி உன்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்களா என்றெல்லாம் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஒருவன் சாட்சி சொன்னால் அவனுக்கு என்ன லாபம் என்று பார்ப்பதில் தப்பில்லை. பார்த்தார்கள். லாபம் ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது. செல்வராஜுக்கு அந்த சீசன் முழுக்க ஆடத் தடை. அவர் இன்றைக்கும் நான் கோலியைத்தான் கூப்பிட்டேன் என்றுதான் சொல்கிறார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவர் மனசுக்குள் புகுந்து பார்க்கிற அட்டை எதுவும் நமக்குக் கொடுக்கப்படவில்லை. அன்றைக்கு மைதானத்தில் நடந்ததை வைத்துத்தான் நான் தீர்ப்புச் சொன்னேன். திரும்ப நடந்தாலும் அதையே சொல்வேன், சிரிக்காமல் சொல்வேன்.

கருப்பசாமிக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. பதிலியாகவும் இனி வரவேண்டாம் என்று அடுத்த மாசமே சொல்லிவிட்டார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் கோப்பை மூடுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். லேபர் ஆபீசரைப் பார்க்க இரண்டு தடவை போனேன். ஒரு தடவை மீட்டிங் என்றார்கள், இன்னொரு தடவை அதுவும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பருத்தி விற்க வந்தேன் என்றான். தங்கை ஒருத்தி கல்யாணம் முடிந்துவிட்டது, நிலத்தில் கிணறு வெட்டியிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை ஊரில் பந்தும் உண்டு என்றான். நெற்றியில் அந்தத் தழும்பு இருந்தது. இவ்வளவு நாளாக மனசில் கிடந்ததை அன்றைக்கு அவனிடம் கேட்டுவிட்டேன்.

“கருப்பசாமி, அன்னைக்கு நான் முதுகக் காட்டாம நின்னிருந்தா ஒனக்கு இந்தச் சோலியே வந்திருக்காது. நானே பாத்துச் சொல்லியிருப்பேன். ஒரு நல்ல வேல போயிருச்சே, வருத்தம் இல்லையாடே?”

அவன் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். குருவிகுளம் பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. படியில் காலை வைத்துக்கொண்டே திரும்பிச் சொன்னான்.

“வேலைக்கு எதுக்கு சார் வருத்தம்? அன்னைக்கு தானியேலு ஒரு கோலு போட்டிருந்தாம்னா, அதுக்குல்லா வருத்தப்பட்டிருப்பேன்!”